ஞாயிறு பத்து மணிக்குத் திறக்கும் பக்கம்

ஏற்காடு அடிவாரம், சேலம்
9.6.2025

அன்புள்ள மைதிலிக்கு,

நான் நலம். நீயும் இனியாவும் நலம்தானா? இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை. களி, கீரை, மோர் என்று போகிறது. கை நடுக்கம் குறைந்துவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். தூக்கம்தான் இன்னும் பிடிபடவில்லை. குடியை விட வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஃபோனைத் தொடக்கூடாது என்பது இந்த இல்லத்தின் சட்டம். கடிதம் எழுதலாம். வருகிற கடிதத்தை ஆபீசில் பிரித்துப் பார்த்துவிட்டு, கவரை அங்கேயே போட்டுவிட்டு, தாளை மட்டும் தருவார்கள். அதனால் என்னைத் திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாகத் திட்டு.

இல்லத்தை நடத்தும் ஃபாதர் லாசரின் ஆபீசில் ஒரு கேமரா படம் காட்டாமல் கிடந்தது. சரிசெய்து கொடுத்தேன். நாமக்கல்லில் பாதி கோழிப்பண்ணைக்குக் கேமரா மாட்டிய கை அல்லவா. அதற்குப் பதிலாக, ஞாயிறு பூசை முடிந்ததும் பத்து மணிக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கால் மணி நேரம் நம் ரேடியோவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். அது என்ன ரேடியோ என்று கேட்டார். என் வீட்டு மாடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, மொட்டைமாடிக் கம்பியில் விழும் அலைகளை எல்லாம் வாங்கி இன்டர்நெட்டில் விடும், உலகத்தில் எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து நாமக்கல்லில் கேட்கிற ரேடியோவைக் கேட்கலாம் என்று விளக்கினேன். பெருமையாகத்தான் சொன்னேன். நேற்று திறந்தால், பக்கமே வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

எனக்குப் பாட்டு வேண்டாம், மைதிலி. நம் வீட்டு இரைச்சல் கேட்டால் போதும். எந்த இடத்தில் வைத்தாலும் அந்த இடத்துக்கென்று ஒரு இரைச்சல் பெட்டியில் விழும். நம் வீட்டில், பின்னால் இருக்கிற அப்புசாமி அண்ணன் பட்டறையில் லாரி பாடிக்கு வெல்டிங் வைத்தால் கர்ர் என்று வரும், டீக்கு நிறுத்தினால் நிற்கும். அவருக்கு ஞாயிறும் மத்தியானம் வரை வேலை உண்டு. உன் அண்ணன் தோட்டத்தில் பொங்கலுக்கு என் சின்ன ரேடியோவைத் திருப்பினால், சோலார் வேலி டக் டக் என்று அடித்து ஒன்றையும் கேட்கவிடவில்லையே. மச்சான்கூட, "ஏனுங்க மாப்ள, ரேடியோவுக்கும் ஷாக் அடிச்சிருச்சுங்களா?" என்று சிரித்தார். அந்த மாதிரி. கர்ர் என்று கேட்டால் நீங்கள் இருவரும் கீழே இருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு தெம்பு.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். நெட் ஒயர் சொருகிய இடத்தில் பச்சை விளக்கு மினுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டு. உடனே எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம்.
சந்தோஷ்குமார்


24.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் உடம்பு தேறி வருவது தெரிந்து நிம்மதி. கடிதம் என் கைக்கு வரச் சுணங்கிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி. பெட்டி எப்படி இருக்கிறது என்று ஒன்றரைப் பக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கணக்குதான், புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை.

பெட்டிக்குக் கரண்ட் போகாமல் இருந்தது. இப்போது கொடுத்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிகிறது. நெட் ஒயர் மாட்டிய இடத்தில் பச்சையும் மினுக்குகிறது. இனி உங்கள் பக்கம் வரும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்.

இனியா மூன்றாம் வகுப்பு போக ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் கிட்டத்தில்தான், நடந்தே போய்வருகிறாள். முன் பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்புகிறவர்கள் உண்டாம், ஃபாதர் சொன்னார். அந்த வேலை வேண்டாம்.

மைதிலி


ஏற்காடு அடிவாரம், சேலம்
30.6.2025

அன்புள்ள மைதிலிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டுப் பெட்டிக்குத் தாவினால் திட்டுவாய். ஆகவே கேட்கிறேன்: உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? வெயிலுக்கு ஏதாவது குடிக்கிறாயா? தமிழ்ச்செல்வி அக்கா எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறாரா? போதுமா?

நடந்தா போகிறாள்? அந்த லாரி ரோட்டிலா? வேன் என்ன ஆனது? பல்லை எறிந்துவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

நேற்றும் பக்கம் வரவில்லை. விளக்கெல்லாம் எரிகிறது என்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அடுத்த கேள்வி, அது வேலை செய்கிறதா என்பது. உன் ஃபோனை வீட்டு வைஃபையில் வைத்துக்கொண்டு, நான் கடைசியில் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே அடி. நீல நிறத்தில் மஞ்சள் கோடுகள் மேலிருந்து கீழே ஓடினால் பெட்டி நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, ஃபோன் சிம் நெட்டில் நம் பக்கத்தைத் திறந்து பார். வீட்டுக்குள் வந்து வெளியில் வராவிட்டால், பெட்டியில் தப்பில்லை, வாசலில்தான் அடைப்பு. கடைசியாக மோடத்தின் செட்டிங் பக்கத்தில் வெளி முகவரி என்று ஒரு எண் இருக்கும், அதையும் எழுதி அனுப்பு. நான் பண்ணைக்காரர்களுக்கு ஃபோனில் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. உனக்குச் சொல்ல வாரக்கணக்காகிறது, என்ன செய்ய.

போன சனிக்கிழமை இங்கே குடும்ப நாள். எல்லோருக்கும் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நாற்காலி போடுவார்கள். என் பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டு நேரம் வரை ஒருவரும் உட்காரவில்லை. அப்புறம் அதை எடுத்துக்கொண்டுபோய் வாழப்பாடிக்காரர் குடும்பத்துக்குப் போட்டார்கள். பஸ் கிடைக்கவில்லையா?

சந்தோஷ்


19.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறோம். முதுகு வலிக்குத் தைலம் போடுகிறேன், பரவாயில்லை.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். வைஃபையில் திறந்தது. நீலமும் மஞ்சளுமாக ஓடியது. இனியா பார்த்துவிட்டு, "அம்மா, மழை பேயுதுங்க" என்றாள். அப்பாவின் மழை, தொடாதே என்றேன். சிம் நெட்டில் திறந்தால் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மோடத்தில் பச்சை விளக்குகள்தான் எரிகின்றன, சிவப்பு ஒன்றும் இல்லை. வெளி முகவரி 100.72 என்று ஆரம்பிக்கிறது. முழு எண் பின்பக்கம் இருக்கிறது.

கேபிள்காரரையும் கேட்டேன். "ஏனுங்க்கா, எல்லா ஊட்டுக்கும் அப்படித்தானுங்க வரும். படம் வருதுங்களா, பாட்டு வருதுங்களா, அப்புறம் என்னங்க?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

குடும்ப நாளைக்கு பஸ் கிடைத்திருக்கும். நான்தான் ஏறவில்லை. ஃபாதர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து மனசில் இருப்பதைச் சொல்லச் சொல்வாராமே. என் மனசில் இருப்பதை அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் உங்களுக்கும் தாங்காது.

பல்லை வைத்திருக்கிறேன்.

மைதிலி


ஏற்காடு அடிவாரம், சேலம்
28.7.2025

அன்புள்ள மைதிலிக்கு,

உன் கடிதம் வந்தது. இருவரும் சுகம் என்றதில் சந்தோஷம். எனக்கு எடை கூடியிருக்கிறது, சட்டை பிடிக்கிறது.

வர மனசில்லை என்றால் விடு. இங்கே எவரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. நானும்தான்.

100.72 என்று பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது நமக்கென்று உள்ள முகவரி இல்லை. ஒரு காம்பவுண்டுக்குள் நாற்பது குடித்தனம் இருந்து, வாசலில் ஒரே கதவு எண் இருந்தால், தபால்காரன் எந்த வீட்டுக்குக் கொடுப்பான்? அதே மாதிரி கேபிள்காரர் எல்லா வீட்டையும் ஒரே முகவரிக்குப் பின்னால் போட்டுவிட்டார். உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருப்பவன் உள்ளே வர வழியில்லை. இந்தப் பக்கம் நான் எத்தனை முறை கதவைத் தட்டினாலும் உன் வீட்டுக்குக் கேட்காது.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. நம் கேபிள் சின்னராஜ் அண்ணனிடம் நான் தனி முகவரி கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "உங்களுக்கு மாத்த மாட்டனுங்க தம்பி, ஆயுசுக்கும் அதேதான்" என்று சொன்ன ஆள். அவர் பெண் கல்யாண மண்டபத்துக்குக் கேமரா மாட்டிக் கொடுத்தேன். நான் ஊரில் இல்லை என்றதும் மாற்றிவிட்டார் போல. நம் மோடத்தில் நீல விளக்கு அல்லவா எரியும்? அதையும் மாற்றிவிட்டாரா? கேட்க ஆளில்லாத வீடு என்று நினைத்துவிட்டார்.

அவருக்கு நானே ஒரு கடிதம் எழுதப் போகிறேன். நாளை மறுநாள் ஆபீசில் கொடுத்துவிடுவேன். நான்கு வார்த்தை கேட்டால்தான் சரிப்படும்.

வேனைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை.

சந்தோஷ்


2.8.2025

மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. உலையைக்கூட இறக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

சின்னராஜ் அண்ணனுக்கு எழுத வேண்டாம். எழுதியிருந்தால் ஆபீசிலிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மோடம் மாறியது உண்மை. மாற்றச் சொன்னது நான்தான். அதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். நீங்கள் அங்கிருந்து ஊர்ப்பட்டவர்களோடு சண்டைக்கு நிற்காதீர்கள். உங்களை ஃபாதரிடம் விட்டது அதற்காகவா?

கேபிள்காரர் இல்லாமல் வேறு வழி இருந்தால் எழுதுங்கள். நான் செய்கிறேன். எத்தனை முறை ஆனாலும் செய்கிறேன்.

இனியா உங்களைக் கேட்டாள்.

மைதிலி


ஏற்காடு அடிவாரம், சேலம்
11.8.2025

அன்புள்ள மைதிலிக்கு,

நலம். நீ இத்தனை சீக்கிரம் பதில் எழுதியது இதுதான் முதல் முறை. அதுவும் சின்னராஜ் அண்ணனுக்காக. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு எழுதிய கடிதம் இன்னும் ஆபீசிலேயே கிடந்தது, திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம் அப்புறம் என்கிறாய். இருக்கட்டும்.

வழி இருக்கிறது. நாம் கதவைத் திறந்து வைத்து ஆள் வருவதற்காகக் காத்திருந்தோம். இனிப் பெட்டியே வெளியே போய் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளும். வெளியூரில் இதற்கென்று ஒரு சர்வர் இருக்கிறது. பெட்டி அதனிடம் ஃபோன் போட்ட மாதிரி பேசிக்கொண்டே இருக்கும். கேட்க வருகிறவர்கள் அந்த சர்வரிடம் போனால் போதும், அது நம் பெட்டியோடு இணைத்துவிடும். ஃபாதர் அனுமதியோடு போன ஞாயிறு என் கால் மணி நேரத்தை அதற்கே செலவழித்துப் பதிவு செய்தேன். சாவி மாதிரி ஒரு நீளமான சொல் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பெட்டியின் செட்டிங்கில் எங்கே போட வேண்டும் என்று படம் வரைந்திருக்கிறேன். போட்டுவிட்டுப் பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போடு.

நான் வந்து உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். ஊரில் நூறு பண்ணையின் கோழியை ஃபோனில் பார்க்க வைத்தவன் நான். என் வீட்டை நான் பார்க்க வழியில்லை. இதை நினைத்தால் கை மறுபடி நடுங்குகிறது. நான் குடிக்கவில்லை, பயப்படாதே. இங்கே கிடைக்காது என்பதால் சொல்லவில்லை. கிடைத்தாலும் தொட மாட்டேன் என்று காலையில் எழும்போது தோன்றுகிறது. சாயங்காலம் ஆனால் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டி ஒன்றுதான் நான் ஆரம்பித்து முடித்த காரியம். அது நிற்கக்கூடாது. மற்றதெல்லாம் நின்றுவிட்டதோ என்று ஒரு பயம்.

சந்தோஷ்


7.9.2025

இனியா அப்பாவுக்கு,

வணக்கம். சுகம்தான். இரண்டு நாள் இனியாவுக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது ஆடிக்கொண்டிருக்கிறாள். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் எழுதிய சொல்லை மூன்று தடவை போட்டேன். நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. சிம் நெட்டில் திறந்து பார்த்தேன், வந்தது. ஆனால் கோடு ஒன்றையும் காணோம், வெறும் நீலம். அப்புறம்தான் பார்த்தேன், நான் சும்மா தொங்கவிட்டிருந்த கம்பி பெட்டியிலிருந்து கழன்று கிடந்தது. அதை அண்ணன் ஏறி உயரத்தில் கட்டிக்கொடுத்தார். வாயில் முணுமுணுப்போடுதான் ஏறினார். "அந்தாளு பாட்டுக் கேக்க நான் மரம் ஏறோணுமா?" என்றார். ஏறினார், அதுவரை சரி.

இப்போது நன்றாக வருகிறது. யாரோ இந்தியில் செய்தி படிக்கிறார்கள். வருகிற ஞாயிறு நீங்கள் கேட்கலாம்.

இதைப் போஸ்ட் செய்ய நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். கேளுங்கள். நீங்கள் கேட்டதை நான் செய்துவிட்டேன்.

மைதிலி


ஏற்காடு அடிவாரம், சேலம்
15.9.2025

அன்புள்ள மைதிலிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இந்தக் கடிதத்தை நாமக்கல் வீட்டுக்கு எழுதவில்லை. கவர்மேல் எழுதிய முகவரியைப் பார்த்திருப்பாய். நாமகிரிப்பேட்டை, மச்சான் சிவபிரகாஷ் தோட்டம்.

நேற்றுப் பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. சந்தோஷத்தில் ஃபாதர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். இரைச்சலே இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. அப்புசாமி அண்ணனுக்கு இன்று வேலை இல்லை போல என்று நினைத்தேன். இலங்கை கேட்டது, டெல்லி கேட்டது. பிறகுதான் கவனித்தேன், எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினாலும் அடியில் ஒரு சத்தம். டக். டக். டக். நொடிக்கு ஒன்று.

ஃபாதர், "என்ன சந்தோஷ், கடிகாரமா?" என்று கேட்டார்.

"வேலிங்க ஃபாதர். என்ற மச்சான் தோட்டத்து வேலி" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு முன்னாலேயே தெரியும் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மோடத்தில் பச்சை விளக்கு. வேறு கேபிள்காரர். நடந்து போகிற பள்ளிக்கூடம். மரம் ஏறிய மச்சான். நம் வீட்டு மாடியில் ஏது மரம், இரும்புக் கம்பம்தானே? உன் கடிதம் ஒன்றிலும் ஊர்ப் பெயர் இல்லை. இத்தனையும் என் கண் முன்னால்தான் இருந்தது. எனக்கு வெளி முகவரிதான் தெரிந்தது.

எப்போது போனாய் என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் என்னை விடுகிறார்கள். இல்லத்து வண்டி சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நாமக்கல்லுக்கும் பஸ் இருக்கிறது, ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டைக்கும் பஸ் இருக்கிறது. நான் எதில் ஏற வேண்டும்? அதை மட்டும் எழுது.

சந்தோஷ்குமார்


நாமகிரிப்பேட்டை
6.10.2025

இனியா அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறையாக ஊர்ப் பெயர் போட்டு எழுதுகிறேன்.

நீங்கள் இல்லத்துக்குப் போன வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டேன். உங்கள் கடிதங்களைத் தமிழ்ச்செல்வி அக்காதான் வாங்கி வைத்து அனுப்பினார். முதல் மூன்று மாதம் உங்களுக்கு ஒன்றும் தெரியவேண்டாம், தெரிந்தால் சுவர் ஏறிக் குதித்துப் போய்க் குடிப்பீர்கள் என்று ஃபாதர் சொன்னார். அதற்கப்புறம் சொல்லாமல் இருந்தது என் கோழைத்தனம்.

காரணம் உங்களுக்கு நினைவிருக்காது. மார்கழியில் ஒரு நாள் இனியாவை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போனீர்கள். பிராந்திக் கடை வாசலில் வண்டியோடு அவளை நிறுத்திவிட்டு உள்ளே போனீர்கள். இருட்டிய பிறகு தமிழ்ச்செல்வி அக்கா வீட்டுக்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். அவளாக வரமாட்டேன் என்றாளாம். "அப்பா வண்டியப் பாத்துக்கச் சொன்னாருங்க" என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அடித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். இதற்கு என்னால் முடியவில்லை.

சாமான் கட்டும்போது உங்கள் பெட்டியை முட்டை அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். அண்ணன், "அந்த டப்பா எதுக்கு அம்மிணி, போட்டுட்டு வா" என்றார். போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வேலிச் சத்தத்தைப் பற்றி நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். மறந்துவிட்டேன் என்றால் பாதிதான் உண்மை. என் வாயால் சொல்ல முடியாததை வேலி சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

எந்த பஸ்ஸிலும் ஏறவேண்டாம். இப்போதைக்கு. உங்களை வெறுக்கவில்லை, பயம் போகவில்லை. இல்லத்திலேயே வேலை தந்து வைத்துக்கொள்வதாக ஃபாதர் சொல்கிறார். இருங்கள்.

உங்கள் கடிதத்தை இனியாவுக்குப் பாதி படித்துக் காட்டினேன். "அப்பாவுக்கு வேலி கேக்குதுன்னா, நிறுத்துனா கேக்காதுல்லங்கம்மா?" என்றாள். குரங்குக்காக அண்ணன் பகலிலும் வேலியை ஓடவிடுகிறார். ஞாயிறு பத்து மணிக்கு அவரிடம் சொல்லிவிட்டு இனியா ஒரு நிமிடம் சுவிட்சை அணைப்பாள். சத்தம் நின்றால் நாங்கள் இருவரும் சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் என்னால் இப்போது தர ஒன்றும் இல்லை.

மைதிலி


ஏற்காடு அடிவாரம், சேலம்
20.10.2025, தீபாவளி

அன்புள்ள மைதிலிக்கும் இனியாக் கண்ணுக்கும்,

நலம். பண்டிகைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? இங்கே முறுக்கு கொடுத்தார்கள், கல் மாதிரி இருந்தது.

நின்றது. போன வாரமும் நின்றது, நேற்றும் நின்றது. அடித்துக்கொண்டே இருந்த சத்தம் சட்டென்று போனதும் ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவரை வேலிக்கு அடியில் மறைந்திருந்த ஒரு ஸ்டேஷன் மெல்ல மேலே வந்தது. யாரோ ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. நான் அழுதேன், மறைப்பானேன். பிறகு டக் என்று ஆரம்பித்தது. பாப்பா சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

மார்கழி நாள் எனக்கு நினைவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பஸ் ஏறமாட்டேன். ஃபாதர் சொன்ன வேலைக்குச் சரி என்றுவிட்டேன். அந்தப் பெட்டி கேட்கத்தான் செய்யும், பேசாது. இங்கிருந்து நான் என்ன சொன்னாலும் அங்கே வராது. இருந்தாலும் நேற்று அது நின்ற நேரத்தில் நான் "பாப்பா" என்று சொன்னேன்.

சந்தோஷ்


ஏற்காடு அடிவாரம், சேலம்
24.11.2025

அன்புள்ள மைதிலிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போஸ்டில் தவறியிருக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. இனி ஃபோன் பேசத் தடையில்லை. உன் எண்ணுக்கு இரண்டு முறை போட்டேன், மணி போகிறது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை போடவில்லை. நீ சொல்லியிருக்கிறாய், இருங்கள் என்று. இருக்கிறேன். இங்கே எல்லாக் கேமராவும் என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சட்டத்தைச் சொல்கிறேன்.

அதுவரை வாராவாரம் நின்ற வேலி போன ஞாயிறு நிற்கவில்லை. தோட்டத்தில் குரங்கு வந்திருக்கும், மச்சான் விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நேற்றும் நிற்கவில்லை. கால் மணி நேரம் ஆனதும் ஃபாதர் எழுந்து போகவில்லை, இன்னும் கொஞ்சம் கேள் என்றார். பதினொரு மணி வரை கேட்டேன். ஒருவேளை இங்கேதான் ஏதாவது தப்போ என்று தோன்றியது. பழைய சத்தமே திரும்பத் திரும்ப வருகிறதோ, சர்வரில் ஏதாவது சிக்கியிருக்கிறதோ என்று சந்தேகம். உனக்கு எழுதிய அதே வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

பக்கம் திறக்கிறது. பெட்டி பதில் சொல்கிறது. நேரம் சரியாக ஓடுகிறது. கம்பி நன்றாக இருக்கிறது, டெல்லி, இலங்கை எல்லாம் வருகின்றன. வேலி, நான் பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்கிறது. இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை, மைதிலி.

சந்தோஷ்